மைக்குக்கு எதிரே நின்றவர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானதும் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அதன்பிறகு காந்தி திடலைச் சுற்றி நடப்பவர்களுக்கும், பாறைகளின் மேல் உட்கார்ந்து காற்று வாங்குகிறவர்களுக்கும்தான் அந்தச் சாலை. வெளியூர்க் கூட்டம் சேரும் சனி, ஞாயிறுகளில் கையடக்க மைக்கோடு யூடியூப் இளைஞர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பல தீங்கற்றவை. பிடித்த நடிகர் யார், பாண்டியில் எந்தக் கடைச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பன போன்றவை. இன்னொரு வகையும் உண்டு. 'பாண்டிக்கு எதுக்கு வந்தீங்க?' என்று சிரித்தபடி தொடங்கி, சரக்கு, காதல், படுக்கை என்று படிப்படியாக இறங்கி, எதிரே நிற்பவர் வாய்தவறும் வரை விடாத வகை அது. வாய்தவறிய பத்து நொடிதான் வீடியோவின் முகப்புக்கு வரும்.

இப்படி ஒருவரின் தடுமாற்றத்தை விற்பது தவறா என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் தவறு என்பார்கள். யாருக்குச் செய்த தவறு என்று அடுத்துக் கேட்டால் பதில்கள் சிதறும். பண்பாட்டுக்கு என்பார் ஒருவர். இளைய தலைமுறைக்கு, பெண் குலத்துக்கு, ஊரின் நற்பெயருக்கு என்று மற்றவர்கள் சொல்வார்கள். மைக்குக்கு எதிரே நின்ற அந்த ஒரு மனிதரை யாரும் சொல்வதில்லை. அறக்கணக்கில் முதல் வரியில் இருக்க வேண்டியவர் அவர்தான். யூடியூபர்கள் கிளப்பிய சர்ச்சைகள் ஒவ்வொன்றிலும் கோபம் பெரிதாக எழுந்திருக்கிறது, சிலவற்றில் கைதுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் காயப்பட்டவருக்குச் சேர வேண்டிய ஈடு பற்றிய பேச்சு மட்டும் எழவே இல்லை.

2021 ஜனவரியில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையை மையமாக வைத்து எழுந்த 'சென்னை டாக்ஸ்' யூடியூப் சேனல் விவகாரம் இதற்குத் தெளிவான சான்று. மதுவையும் உடலுறவையும் பற்றி ஓர் இளம்பெண் கூச்சமில்லாமல் பேசும் வீடியோ பரவியது. இந்தக் காலத்துப் பெண்களைப் பாருங்கள் என்று கொதித்தவர்கள் பலர். பிறகு அந்தப் பெண்ணே காவல்துறையிடம் வந்தார். சொல்லிக்கொடுத்ததைத்தான் பேசினேன், கமெண்ட் பகுதியை மூடிவைப்பதாக வாக்களித்தார்கள், மூடவில்லை என்பதே அவருடைய புகாரின் சாரம். சேனல் உரிமையாளர், தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர் ஆகிய மூவரையும் சாஸ்திரி நகர் போலீஸார் கைது செய்தனர்.

அந்தப் புகாரில் இருக்கும் கமெண்ட் பகுதி என்ற விவரம் சாதாரணமானதல்ல. தனக்கு எங்கிருந்து அடி விழும் என்பது அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த வாசலை அடைப்பதாகச் சொன்னதால்தான் நடிக்க ஒப்புக்கொண்டார். அவர் கொடுத்தது நிபந்தனையோடு கூடிய சம்மதம். நிபந்தனையை மீறிய கணத்தில் சம்மதமும் போய்விட்டது. நடிப்பை உண்மைக் கருத்துபோலக் காட்டியதால் பார்த்தவர்களும் ஏமாற்றப்பட்டார்கள். ஆனால் பார்த்தவர் இழந்தது சில நிமிடம்தான். பேசியவர் தன் முகத்தோடு தெருவில் நடக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், வீட்டாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூவர் கைதானதும் ஊரின் கோபம் தணிந்துவிட்டது. இத்தகைய விவகாரங்களில் கண்டிக்கும் செய்தியும் அதே துணுக்கை மறுபடி ஓட்டித்தான் கண்டிக்கிறது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

2024 ஜூலையில் பேசப்பட்ட திருப்பதி வீடியோவையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் குழு எடுத்த ப்ராங்க் அது. தரிசனத்துக்காகக் கூடத்தில் நெடுநேரம் அடைபட்டுக் காத்திருந்த பக்தர்களின் எதிரே, கதவைத் திறக்க வரும் ஊழியர்போல ஒருவர் பாவனை செய்தார். கூட்டம் ஆவலோடு எழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார். திருமலை திருப்பதி தேவஸ்தானம் கண்டித்தது. கோயிலின் புனிதம் கெட்டதா, பக்தர் உணர்வு புண்பட்டதா என்று விவாதங்கள் நடந்தன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கால் கடுக்க உட்கார்ந்து எழுந்து, இதோ கதவு திறக்கிறது என்று நம்பிய ஒரு தாயின் அந்த ஒரு நொடி நம்பிக்கை இன்னொருவரின் சிரிப்புக்குத் தீனியானது என்பதுதான் அங்கே நடந்த அநீதி. புனிதம் என்ற பெரிய சொல் வந்ததும் அந்தத் தாய் பேச்சிலிருந்தே மறைந்துபோனார்.

வாசனின் கதையில் அரசுத் தண்டனைக்குக் குறைவில்லை. 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே பாலுசெட்டிசத்திரத்தில் தேசிய நெடுஞ்சாலையில் பைக்கின் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கைதானார், ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்குப் பறிபோனது. ஜாமீன் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, அந்த பைக்கை எரித்துவிடலாம் என்று சொல்லும் அளவுக்குக் கடிந்துகொண்டார். அடுத்த ஆண்டே கைபேசியில் பேசியபடி கார் ஓட்டிய வீடியோவுக்காக மதுரையில் மீண்டும் கைதானார். அதன்பின் வந்ததுதான் திருப்பதி. தண்டனை ஏற ஏறப் பெயரும் ஏறியது. சிறை வாசலும் ஒரு காட்சியாகிவிடும் தொழிலில், சிறை மட்டுமே யாரையும் திருத்திவிடும் என்று நம்புவது கடினம்.

'டாக்சிக்' மதன் விஷயத்தில் காயப்பட்டவர்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தார்கள். பப்ஜி விளையாட்டை நேரலையில் காட்டிக்கொண்டே, உடன் விளையாடிய பெண்களைக் கேட்கக் கூசும் சொற்களால் ஏசியதற்காக 2021 ஜூனில் தர்மபுரியில் அவர் பிடிபட்டார். குண்டர் சட்டமும் பாய்ந்தது. ஏசப்பட்ட பெண்கள் பெயரில்லாமல் அந்த ஒலிப்பதிவுகளில் இருந்தார்கள், விவாதத்தில் இல்லை. சிறுவர்கள் கெட்டுப்போகிறார்களே என்பதுதான் ஊரின் கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் ஏசப்பட்டவரின் வலிக்கு ஈடாக அதை வைக்க முடியாது.

புதுச்சேரியும் இத்தகைய விவகாரம் ஒன்றின் நடுவே வந்துபோனது. கந்த சஷ்டி கவசத்தை இழிவுபடுத்தியதாகப் புகாருக்குள்ளான 'கறுப்பர் கூட்டம்' சேனலைச் சேர்ந்த சுரேந்திரன், 2020 ஜூலையில் அரியாங்குப்பம் காவல் நிலையத்தில்தான் சரணடைந்தார். அதன் சரி தவறு தனி விவாதம். அங்கே ஒரு நூலையும் வழிபாட்டையும் பற்றிய பேச்சு, பெருந்திரளின் மனக்குமுறல், அரசியல் எல்லாம் சேர்ந்து நின்றன. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: திரண்ட கூட்டத்தின் புண்பட்ட உணர்வுக்கு அரசின் காது கூர்மையாக இருக்கிறது. தனி ஒருவரின் புண்பட்ட மானத்துக்கு அந்தக் கூர்மை கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் கருத்துரிமை பற்றிய அச்சம் எழும், எழவும் வேண்டும். யூடியூபர்களை அடக்குகிறோம் என்ற பெயரில் ஆள்வோரைக் கேள்வி கேட்பவர்களின் வாயை அடைப்பது நம் கண்முன்னே நடந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் யூடியூபர் சாட்டை துரைமுருகனின் ஜாமீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. யூடியூபில் குற்றம் சாட்டுகிறவர்களை எல்லாம் தேர்தலுக்கு முன் உள்ளே தள்ளத் தொடங்கினால் எத்தனை பேரைத் தள்ளுவது என்பது அந்தக் கேள்வி. புதுச்சேரிக்கு இந்த அச்சம் புதிதல்ல. 1908இல் 'இந்தியா' பத்திரிகையின் பதிவுபெற்ற பொறுப்பாளரான எம். சீனிவாசன் சென்னையில் கைதாகிச் சிறை சென்றபோது, அதை எழுதி நடத்திய பாரதி எல்லை தாண்டிப் பிரெஞ்சு மண்ணுக்கு வந்தார். அதே பத்திரிகை இங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசு அதைத் தன் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்துத்தான் 1910இல் நிறுத்த முடிந்தது. பேச்சுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் என்ற பெருமை புதுவைக்கு உண்டு.

ஆனால் அந்தப் பேச்சு எந்தப் பக்கம் நோக்கியது? வைஸ்ராயை, கலெக்டரை, சாம்ராஜ்யத்தை நோக்கியது. கடற்கரைச் சாலையின் மைக் எந்தப் பக்கம் திரும்புகிறது? போதையில் நடைபாதையில் கிடப்பவர், காதலனோடு வந்த கல்லூரிப் பெண், பெரிய மார்க்கெட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி, கேள்வியின் உள்குத்து புரியாத வடமாநிலத் தொழிலாளி. தன்னைவிட வலிமை குறைந்தவர் பக்கமே அது திரும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் கருத்துரிமை என்று ஒரே பெயர் சூட்டுவது பாரதிக்குச் செய்யும் அவமதிப்பு.

இந்த வேறுபாட்டை நம் நீதிமன்றங்கள் முன்பே பார்த்துவிட்டன. சிறையிலிருந்த கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முயன்றபோது, சிறைத்துறை தரப்பு தடுக்கப் பார்த்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்ன தீர்ப்பு இரு பக்கமும் கூர்மையானது. ஒருவரின் சொந்த வாழ்வை அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது. உண்மையாகவே இருந்தாலும் கூடாது. பொதுப் பதிவேட்டில் உள்ளவை இதற்கு விலக்கு. அதே சமயம் அரசு அதிகாரி தன் கடமையில் செய்த காரியத்துக்கு இந்தத் திரையைப் போர்த்திக்கொள்ள முடியாது. சமூக ஊடகம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட இந்த அளவுகோல் இன்றைய கேமராவுக்கும் அப்படியே பொருந்துகிறது. மேல்நோக்கித் திரும்பும் கேமராவுக்கு இடம் தாராளம். கீழ்நோக்கித் திரும்பும்போது சம்மதம் வேண்டும்.

பொது இடத்தில் எடுத்ததுதானே என்ற வாதம் அடிக்கடி வருகிறது. தெருவில் நடப்பவர் தெருவில் இருப்பவர்களின் பார்வைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. அந்தப் பார்வைக்கு நேரமும் எல்லையும் உண்டு. பார்த்தவர் கடந்துபோவார், மறப்பார். வீடியோவாகப் போகும்போது பார்ப்பவர் தொகை லட்சமாகிறது, மறதி இல்லாமலாகிறது. அதுவும் புதுச்சேரி போன்ற சிறிய ஊரில் ஒருவர் முகம் இன்று திரையில் வந்தால் நாளைக்கு முத்தியால்பேட்டை முதல் முதலியார்பேட்டை வரை தெரிந்துவிடும். பெருநகரத்தில் கிடைக்கும் முகமின்மை என்ற சிறு அடைக்கலம் இங்கே கிடையாது.

போதையில் இருப்பவர் தலையாட்டுவதும் சம்மதம் ஆகாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலிவான மதுவுக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நிறைந்த ஊர் இது. தள்ளாடுபவரை ஆடவிட்டு, பாடவிட்டு, மனைவியைப் பற்றிப் பேசவிட்டு எடுத்த வீடியோக்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. மறுநாள் காலை தெளிந்து எழும் அந்த மனிதருக்கு ஒரு மகள் இருக்கலாம், அவளுடைய வகுப்பில் அனைவரின் கைபேசியிலும் அப்பா ஆடிக்கொண்டிருக்கலாம். ஒளிப்பதிவு செய்தவருக்கு அந்த மகள் தெரியாது. தெரியாமல் இருப்பது குற்றத்தைக் குறைக்காது. நினைத்துப் பார்த்திருக்க வேண்டியது அவர் கடமை.

மைக் பிடிப்பவர்களைக் கொடியவர்களாகச் சித்திரித்துவிட்டு நகர்வது எளிது, நேர்மையாகாது. புதுச்சேரியில் நூற்றாண்டு கண்ட ரோடியர் மில் 2020இல் மூடப்பட்டது. பஞ்சாலைகள் போன பின் நகரத்து இளைஞனுக்கு எஞ்சியவை ஓட்டல் வேலை, உணவு டெலிவரி, வாடகை பைக் கடை. கைபேசி ஒன்றே முதலீடு என்று தோன்றும் ஒரு தொழிலை அவன் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. நீண்ட வீடியோக்களின் வழியே விளம்பர வருமானம் பெற ஆயிரம் சப்ஸ்கிரைபர்களும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது யூடியூப் வைத்த வாசல். ஊரின் கட்டடங்களையும் கோயில்களையும் பொறுமையாகக் காட்டி அந்த வாசலைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சண்டையையும் அவமானத்தையும் காட்டினால் சீக்கிரம் கடக்கலாம் என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மேடைதான். கற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தியவர்கள் பார்த்தவர்கள்.

அந்த வாசலைக் கடந்த பிறகு பணம் பிரிகிறது. நீண்ட வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு, 45 விழுக்காடு யூடியூபுக்கு. யாருடைய முகத்தாலும் கண்ணீராலும் தடுமாற்றத்தாலும் அந்தப் பணம் வந்ததோ, அவருக்குப் பூஜ்யம். இந்தக் கணக்கை ஒருமுறை நேராகப் பார்த்தால் போதும், இது பண்பாட்டுச் சீரழிவு பற்றிய பிரச்சினை என்பதைவிடக் கூலி கொடுக்காமல் வேலை வாங்கிய பிரச்சினை என்பது விளங்கிவிடும். வேலையும் சாதாரண வேலையல்ல. தன் மானத்தை இழக்கும் வேலை.

பார்ப்பவரின் பங்கையும் மறைக்க முடியாது. 'சே, என்ன மனுஷன்' என்று சொல்லிக்கொண்டே கடைசி வரை பார்ப்பவரின் வெறுப்பை எண்ணிக்கை பதிவு செய்வதில்லை, பார்த்த நேரத்தைத்தான் பதிவு செய்கிறது. நடந்ததை மற்றவர்களுக்குக் காட்டிக் கண்டிக்கிறேன் என்று பகிர்பவர் இன்னும் ஒரு படி மேலே போய் அந்த அவமானத்துக்கு வண்டி ஓட்டுகிறார். நல்ல எண்ணம் இருந்தது உண்மையாக இருக்கலாம். திரையில் இருப்பவருக்கு அந்த எண்ணத்தால் எந்தப் பயனும் இல்லை.

எல்லாச் சர்ச்சையிலும் எதிரே நின்ற ஒருவர் இருக்கிறாரா என்று கேட்கலாம். யூடியூபர் இர்ஃபான் 2024 மே மாதம் வெளியிட்ட வீடியோவில் துபாயில் ஸ்கேன் எடுத்து, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதை விருந்து வைத்து அறிவித்தார். தமிழக மருத்துவத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை நீக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அறுவை அரங்குக்குள் குழந்தையின் தொப்புள்கொடியை அவரே வெட்டும் வீடியோ வந்தது. மருத்துவமனைக்குப் பத்து நாள் தடையும் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். மகிழ்ச்சியான ஒரு தகப்பனின் ஆர்வம்தானே, யாருக்கு நஷ்டம் என்று பலர் கேட்டார்கள். உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைகள் நினைவில் இருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பெண் சிசுக்கொலையை நிறுத்த 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த நாடு இது. கருவின் பாலினத்தைச் சொல்லத் தடைவிதித்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்ட வரலாற்றிலிருந்து வந்தது. லட்சக்கணக்கானோர் முன் அதை விருந்தாக மாற்றிக் காட்டினால், ஏதோ ஓர் ஊரில் மாமியாரின் கேள்விக்கு முன் நிற்கும் கர்ப்பிணிக்கு இருக்கும் ஒரே சட்டக் கவசம் மெலிந்துபோகிறது. அவளும் எதிரே நிற்பவள்தான், கேமராவுக்குத் தெரியாத தூரத்தில்.

கேள்வி கேட்பவர் வெறும் கருவி, பதில் சொன்னவரே பொறுப்பு என்ற சமாதானமும் நிலைக்கவில்லை. யூடியூபர் சவுக்கு சங்கர் பெண் போலீஸாரைப் பற்றி அளித்த பேட்டி வழக்கில், பேட்டி எடுத்த ஃபெலிக்ஸ் ஜெரால்டின் முன்ஜாமீன் மனு 2024 மே மாதம் வந்தபோது, தூண்டிவிட்டுப் பேசவைப்பவர்களை முதல் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது. குற்றவியல் சட்டத்தில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விஷயம். அற நோக்கில் அந்தக் கருத்து சரியானது. எந்தச் சொல் வரும் வரை மைக்கை நீட்டிக்கொண்டிருப்பது, எந்த நொடியில் வெட்டுவது என்று தீர்மானிப்பவர் கருவி அல்ல.

அப்படியானால் என்ன செய்வது? பழைய பிரெஞ்சுச் சட்டம் ஒன்று இங்கே உதவும். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய 1881 ஜூலை 29ஆம் நாள் சட்டம், காலனிகளுக்கும் பொருந்தும் என்று தன் வாசகத்திலேயே சொன்னது. புதுச்சேரியும் அதன் கீழ்தான் இருந்தது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்றது அது. பத்திரிகையில் பெயராலோ குறிப்பாலோ சுட்டப்பட்டவர் மறுப்பு அனுப்பினால், சுட்டிய அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், காசு வாங்காமல் வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. சிறை பற்றிய பேச்சே இல்லாமல், கெட்ட பெயரை அதே மேடையில் நேர்செய்யும் வழி அது. பத்து லட்சம் பேர் பார்த்த அவமானத்துக்கு, ஓரமாக ஒரு வரியில் வருத்தம் தெரிவிப்பதை இந்த அளவுகோல் ஏற்காது. இன்று வழக்கமாகிவிட்ட மன்னிப்பு வீடியோவையும் ஏற்காது. அதில் மன்னிப்புக் கேட்பவரின் முகமும் கண்ணீரும்தான் நடுவில் இருக்கின்றன, அதற்கும் வியூஸ் சேர்கிறது, காயப்பட்டவர் அங்கேயும் பேசுவதில்லை.

ஆனால் 1881இன் தீர்வு முழுத் தீர்வாகாது. 'சென்னை டாக்ஸ்' புகார் கொடுத்த பெண் போன்றவர்கள் மறுமொழி சொல்ல இன்னொரு முறை கேமரா முன் வர விரும்புவார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். அவர்கள் கேட்பது மறக்கப்படுவதை. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், அந்தரங்க உறுப்பைக் காட்டும் படங்களுக்கு 24 மணி நேரத்தையும், மற்ற புகார்களைத் தீர்க்கப் பதினைந்து நாட்களையும் தொடக்கத்தில் வரையறுத்தன. ஒரு ஷார்ட்ஸ் ஊர் முழுவதும் சுற்றிவரப் பதினைந்து நாள் தேவையில்லை, ஒரு ராத்திரி போதும். கோட்டக்குப்பத்தில் வசிப்பவரைப் புதுச்சேரி எல்லைக்குள் படமெடுத்தால் தமிழ்நாட்டில் புகார் கொடுப்பதா, இங்கே கொடுப்பதா என்ற குழப்பம் முன்பெல்லாம் அலைக்கழித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எல்லையைக் காரணம் காட்டாமல் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். அது நல்ல மாற்றம். ஆனால் புகார் கொடுக்கத் துணிவதே பெரிய படி. நிலையத்தில் அந்த வீடியோவை இன்னும் நான்கு பேர் பார்ப்பார்கள்.

எனவே நீக்கும் பொறுப்பும் பிரதிகளைத் தேடி நீக்கவைக்கும் பொறுப்பும் வெளியிட்டவர் மேல்தான் விழ வேண்டும். பாதிக்கப்பட்டவர் வாசல் வாசலாக ஏறக் கூடாது. அந்த வீடியோவால் வந்த வருமானம், 55 விழுக்காடும் 45 விழுக்காடும் சேர்த்து, அவருக்குப் போக வேண்டும். இதைச் சொல்லும் சட்டம் இல்லை. வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எடுத்ததை எதிரே நின்றவருக்கு முழுதாகக் காட்டிவிட்டு ஏற்றலாம். குடித்திருந்தவரிடம் மறுநாள் பகலில் கேட்கலாம். தொடர்பு கொள்ள ஓர் எண்ணை வீடியோவின் கீழே போடலாம், எடுத்துவிடச் சொல்லி அழைத்தால் காரணம் கேட்காமல் எடுத்துவிடலாம். இதில் எதற்கும் பணம் செலவாகாது. சில வீடியோக்கள் வெளிவராமல் போகும், அவை வெளிவராமல் போக வேண்டியவைதான்.